பழைய ஜாகுவார் ஈ-டைப்: வரலாறும் மறுவாழ்வும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை பழைய கார் மேல் பிரியம் உள்ளவர்களும் அதில் கை வைக்கும் மெக்கானிக்குகளும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம். கார் பற்றித் தெரிந்தவர்கள் முதல் சில கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

ஈ-டைப், ஈ-டைப்னு சொல்றாங்களே, அப்படி என்னங்க அதுல ஒசத்தி?

1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி இந்த ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை கேம் ஷாஃப்ட், மூன்று எஸ்.யூ. கார்புரேட்டர், 265 குதிரைத்திறன். மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனி சொன்னது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். அந்தக் காலத்தில் இவ்வளவையும் சேர்த்துக் கொடுத்த மற்ற கார்களின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு இது கிடைத்தது. பெயர் எடுத்ததற்கு அழகு ஒரு காரணம், இந்த விலை இன்னொரு காரணம்.

உருவத்தை வரைந்தவர் மால்கம் சேயர். விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வளைவுகளைக் கணக்குப் போட்டு வகுத்தார். பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்த டி-டைப்பும் அவர் கை வேலைதான். ஈ-டைப்பின் உடம்பு டி-டைப்பிலிருந்து வந்தது: நடுவில் தகரத்தால் ஆன கூடு, முன்னால் எஞ்சினைத் தாங்கும் குழாய் ஃபிரேம், இரண்டும் போல்ட் போட்டு இணைத்தது. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த அமைப்புதான் அடிப்படை.

பாத்தவொடனே எந்த மாடல்னு சொல்றது எப்படிங்க?

ஹெட்லைட்டைப் பாருங்கள். மேலே கண்ணாடி மூடி இருந்தால் முதல் சீரிஸ். 1964 அக்டோபர் வரை 3.8 லிட்டர், அதற்குப் பிறகு 4.2 லிட்டர். 1967 வாக்கில் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டார்கள். 1968 கடைசியில் வந்த இரண்டாவது சீரிஸில் முன்வாய் பெரிது, பின் விளக்குகள் பெரிதாகி பம்பருக்குக் கீழே போயின. 1971இல் வந்த மூன்றாவது சீரிஸில் பன்னிரண்டு சிலிண்டர் 5.3 லிட்டர் எஞ்சின், அகன்ற மட்கார்டு, முன்வாயில் கிரில். 1974இல் உற்பத்தி முடிந்தது. மொத்தம் 72,000க்கு மேல்.

முதல் சில நூறு கார்களில் பானெட்டின் பூட்டு வெளியே, தனிச் சாவி போட்டுத் திறப்பதாக இருக்கும். 1962 தொடக்கம் வரை வந்தவற்றில் கால் வைக்கும் தளம் பள்ளம் இல்லாமல் தட்டையாக இருக்கும். சேகரிப்பவர்கள் தேடுவது இவற்றைத்தான். ஓட்டுவதற்கு என்றால் 4.2 லிட்டர் காரே மேல்: கியர் உரசாமல் விழ வைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியரிலும் உண்டு, பிரேக் பூஸ்டரும் சீட்டும் நல்லது.

டாடா கம்பெனி கார்தானே இது? ஷோரூம்ல பார்ட்ஸ் கேட்டா குடுக்க மாட்டாங்களா?

ஜாகுவாரை ஃபோர்டிடமிருந்து டாடா வாங்கியது 2008இல். ஈ-டைப் நின்றுபோய் அதற்குள் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாதாரண ஷோரூமில் எதுவும் இருக்காது. இங்கிலாந்தில், ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கவென்ட்ரி பக்கத்தில் ரைட்டன் என்ற இடத்தில் கம்பெனியின் பழைய கார் பிரிவு 2017 முதல் தனியாக இயங்குகிறது. அவர்களும் இங்கிலாந்தின் தனி வியாபாரிகளும் பெரும்பாலான பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் ஊரில் ஓடியவை வலது பக்க ஸ்டீயரிங் என்பதால் பிரிட்டிஷ் பாகங்கள் அப்படியே பொருந்தும்.

ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போடுவது, புஷ் கடைவது, கேஸ்கெட் வெட்டுவது, கிராங்க் கிரைண்டிங் எல்லாம் கோயம்புத்தூரிலேயே முடியும். இறக்குமதி செய்ய வேண்டியது ரப்பர், சீல், பிரேக் பாகங்கள், டைமிங் செயின். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: இந்தக் காரின் போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கும். மெட்ரிக் போல்ட்டை ஏற்றினால் மரை போய்விடும். இஞ்ச் ஸ்பேனர் செட் வாங்காமல் பானெட்டைத் திறக்காதீர்கள்.

கம்பெனியே பழைய மாடலைப் புதுசா செஞ்சு விக்குதாமே, நெசமுங்களா?

நிஜம்தான். ஆனால் மூன்று விதமான வேலையை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, அந்தக் காலத்தில் பாதியில் நின்றதை முடிப்பது, அல்லது அன்றைய பந்தயக் காரை மறுபடி செய்வது. 1963இல் பந்தயத்துக்காக அலுமினிய உடம்போடு 18 லைட்வெயிட் ஈ-டைப்புகளுக்கு எண் ஒதுக்கினார்கள், செய்தது 12. மிச்சம் ஆறையும் 2014 முதல் கையாலேயே செய்து விற்றார்கள். 1957 பிப்ரவரி 12 அன்று பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்து, எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற காரின் 25இல் 9 எரிந்துபோயின. அந்த ஒன்பதுக்குப் பதிலாக 2016இல் ஒன்பதை அறிவித்தார்கள். பிறகு 25 டி-டைப், 2021இல் டி-டைப்புக்கு முந்தைய பந்தயக் காரான சி-டைப்பில் 8.

இரண்டாவது, நிஜமான பழைய ஈ-டைப்பை வாங்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள நிறம், தோல், எண் மாறாமல் பூட்டி விற்பது. 2017இல் தொடங்கியது. 2021இல் காரின் அறுபதாம் ஆண்டுக்கு ஆறு ஜோடிகளை இப்படித் தயாரித்தார்கள். ஜெனீவாவுக்கு முதலில் ஓட்டிப்போன இரண்டு கார்களின் நிறத்தை ஒட்டியவை அவை. மூன்றாவது எலெக்ட்ரிக் மாற்றம். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. 2013 முதல் 2024 வரை வந்த எஃப்-டைப் முழுக்கப் புதுக் கார். அது ஈ-டைப்பின் வாரிசு, மறுவாழ்வு அல்ல.

அப்ப அந்தப் புதுசே மேல்தானுங்களே? துருப்புடிச்ச பழசுக்கு எதுக்கு மல்லுக்கட்டணும்?

லைட்வெயிட், டி-டைப், சி-டைப் வரிசையில் புதிதாகச் செய்தவை பந்தயத் தடத்துக்கானவை. அவற்றைச் சாலையில் பதிவு செய்ய முடியாது. நம் ஊரில் அவற்றுக்கு வேலை இல்லை.

விலைமதிப்பு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கம்பெனியே பழைய கூட்டை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. பளபளப்பை யாரும் வாங்கிக்கொள்ளலாம். 1962இல் கவென்ட்ரியில் எண் குத்திய தகரத்தை மறுபடி உண்டாக்க முடியாது. அதனால் எங்கள் கருத்து உறுதியானது: மாற்றுவதற்கு முன் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டு எழுதிக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.

ஒரிஜினல் எஞ்சின்தானான்னு எங்க பாக்கணும்?

ஆறு சிலிண்டர் காரில் எஞ்சின் எண் இரண்டு இடத்தில் குத்தியிருக்கும்: பிளாக்கின் வலது பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே, சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஹெட் மாறியிருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் /8 அல்லது /9 என்று இருப்பது கம்ப்ரெஷன் விகிதம். பெட்ரோல் பற்றிய கேள்வியில் அது தேவைப்படும். சேஸ் எண் முன் ஃபிரேமின் வலது பக்கக் குறுக்குச் சட்டத்தில், ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்துக்கு மேல் இருக்கும்.

இவற்றையும் பாடி எண், கியர்பாக்ஸ் எண்ணையும் எஞ்சின் அறையில் உள்ள தகட்டோடு ஒப்பிடுங்கள். தகடு மட்டும் புதிதாகச் செய்து கிடைக்கும் என்பதால் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பணம் கைமாறுவதற்கு முன் அதை வாங்குங்கள்.

இருவது வருசமா ஷெட்ல நிக்குதுங்ணா. புது பேட்டரி போட்டு ஒரு செல்ஃப் அடிச்சுப் பாத்துரலாமா?

வேண்டாம். எஞ்சின் கெடுவது நின்ற இருபது வருடத்தில் அல்ல, அந்த முதல் செல்ஃபில்தான். சிலிண்டர் சுவரில் துரு, ரிங் ஒட்டியிருக்கும், கேம் மேல் ஒரு சொட்டு ஆயில் இருக்காது.

ஆறு பிளக்கையும் கழற்றுங்கள். இரண்டு கேம் மூடிகளுக்கும் நடுப்பள்ளத்தில் இருக்கின்றன. கழற்றுமுன் அந்தப் பள்ளத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மண் நேராக சிலிண்டருக்குள் போகும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் கியர்பாக்ஸ் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு நியூட்ரலில் போட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இறுகினால் நிறுத்தி மறுபடி ஊறவிடுங்கள். குழாய் சொருகி நெம்பாதீர்கள். டைமிங் செயினைக் கழற்றிய நிலையில் கிராங்கைத் திருப்பவே கூடாது, வால்வு வளைந்துவிடும்.

சுலபமாகச் சுற்றினால் பழைய ஆயிலை இறக்கி, எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் கழற்றிக் கழுவி, 20W-50 ஆயில் ஊற்றுங்கள். ஏறக்குறைய எட்டரை லிட்டர் பிடிக்கும். கேம் மூடிகளைத் திறந்து கேம்களின் மேல் தாராளமாக ஆயில் விடுங்கள். பிளக் போடாமலே செல்ஃபில் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். டேஷ்போர்டு மீட்டர் கரண்டில் ஓடுவது, நம்ப முடியாது. குழாய் வைத்த மெக்கானிக்கல் மீட்டரைத் தற்காலிகமாக மாட்டுங்கள். சூடான எஞ்சினில் 3000 ஆர்.பி.எம்.முக்கு 40 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். பிளக் ஒயர்களை மாட்டும்போது குழம்பாமலிருக்க ஒரு குறிப்பு: ஜாகுவாரில் முதல் சிலிண்டர் பின்பக்கம், கிளட்ச் ஓரம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4.

கிளட்ச் ஒட்டிக்கிச்சு. அதை மட்டும் கழட்டிப் பாக்க முடியாதா?

முடியாது. ஈ-டைப்பில் கிளட்சை மாற்ற எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வெளியே வர வேண்டும். அதற்கு முன் பானெட்டையே கழற்ற வேண்டும். எனவே எஞ்சின் வெளியே வந்த ஒருமுறையிலேயே கிளட்ச், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் கயிற்று சீல், பிளாக்கின் வாட்டர் பிளக்குகள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் ஊத்தலாமுங்களா?

20 சதவீத எத்தனால் கலந்ததுதான் இன்று பங்க்கில் கிடைப்பது. காரைத்தான் அதற்குத் தயார் செய்ய வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உப்ப வைக்கும், டேங்க்கின் அடியில் படிந்த பழைய பிசினைக் கரைத்து ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் அனுப்பும். ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், ஃப்ளோட் நீடில் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலியும்: கார்புரேட்டர் துப்பும், பிளக் வெளுத்துவிடும். கார்புரேட்டரின் ஜெட்டைக் கொஞ்சம் இறக்கிச் சரிசெய்யலாம். போதாவிட்டால் கார்புரேட்டரின் நீடிலையே மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் நின்ற காரில் வேறொரு வம்பு உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கின் அடிக் குழியில் உள்ள போல்ட்டைத் திறந்து காலி செய்துவிடுங்கள். கம்ப்ரெஷன் /9 உள்ள எஞ்சினுக்கு 95 ஆக்டேனுக்குக் குறையாமல் போடுங்கள். ஏற்றத்தில் நாக்கிங் கேட்டால் இக்னிஷன் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் தள்ளுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றிக் கவலை வேண்டாம். அலுமினிய ஹெட் என்பதால் வால்வு சீட் ஏற்கெனவே தனியாகப் பதித்ததுதான்.

ஏப்ரல்ல வாளையார் தாண்டுறதுக்குள்ள கொதிச்சுப்போகுது. பெரிய ரேடியேட்டர் போட்டா சரியாயிருமா?

அவசரப்பட வேண்டாம். இந்தக் காரின் முன்வாய் சிறியது. ஓடும்போது காற்று போதும், லாரி வரிசையில் நிற்கும்போது ஃபேன்தான் கதி. முதல் சீரிஸில் ஒரே ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். ஹெடர் டேங்க்கில் உள்ள வெப்ப சுவிட்ச்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது. ஃபேன் சுற்றும்போது முன்வாயில் ஒரு தாளைப் பிடித்துத் திசையையும் பாருங்கள். ரேடியேட்டரை நோக்கி ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதுவும் சரி என்றால் குற்றவாளி பிளாக்கில் இருக்கிறது. கிழக்குச் சித்தூர் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியதில் உப்பும் துருவும் சேறாகி பின் சிலிண்டர்களைச் சுற்றி இறுகியிருக்கும். பக்கவாட்டு வாட்டர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பியால் குத்தி, பிரஷர் தண்ணீர் அடித்தால்தான் வெளியே வரும். கெமிக்கல் மட்டும் போதாது. பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. மொத்தம் 18 லிட்டர் அளவில் பிடிக்கும். வெறும் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரிக்கும். பிற்கால 4.2 பிளாக்கில் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள் நீண்டு தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அவை துருப்பிடித்து முறிவதும் உண்டு.

மேல டக்டக்னு சத்தம் வருது. டேப்பட் டைட் பண்ணுனா போதுமா?

இதில் திருகி இறுக்கும் டேப்பட் இல்லை. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள ஷிம்மை மாற்றித்தான் இடைவெளி வைக்க வேண்டும்: இன்டேக் 4 தவ், எக்ஸாஸ்ட் 6 தவ் (ஒரு தவ் என்பது ஒரு இஞ்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதற்குக் கேமைக் கழற்ற வேண்டும், பொறுமை வேண்டும்.

எக்ஸாஸ்ட் பக்கச் சத்தத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டேப்பட் ஓடும் கைடு ஹெட்டிலிருந்து கழன்று மேலே வந்து கேமில் அடிபடலாம். அடிபட்டால் ஹெட் போச்சு. அதைப் பிடித்து நிறுத்தச் சிறு தகடுகள் விற்கிறார்கள். ஹெட்டைத் திறந்த கையோடு போட்டுவிடுவது உத்தமம்.

பின்னாடி பிரேக் புடிக்கல, டிஸ்க்ல ஒரே ஆயில். பேடை மாத்தினா ஆச்சுதானே?

ஆகாது. பின் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, நடுவே டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கிறது. பிரேக் சூட்டில் டிஃபரென்ஷியலின் ஆயில் சீல் வெந்து கசியும். ஆயில் டிஸ்க்கில் விழும். புதுப் பேடும் ஒரு வாரத்தில் ஊறிவிடும்.

முறையாகச் செய்வதென்றால் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் அதைத் தாங்கும் இரும்புக் கூண்டோடு இறக்க வேண்டும். காரை ஸ்டாண்டில் உறுதியாக ஏற்றி, சைலன்ஸர், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட், ரேடியஸ் ஆர்ம் இரண்டின் முன்முனை, ஆன்ட்டி ரோல் பார் இருந்தால் அதன் இணைப்பு ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். பிறகு கூண்டின் அடியில் டிராலி ஜாக்கி வைத்து, நான்கு ரப்பர் மவுண்டையும் கழற்றி இறக்குங்கள். கனம் அதிகம், இரண்டு பேர் வேண்டும். ரேடியஸ் ஆர்ம் போல்ட் துருவில் ஒட்டியிருப்பது வழக்கம். இரண்டு நாள் முன்பே ஊறவிடுங்கள், முறித்தால் பாடித் தகரம் கிழியும். இறங்கிய பிறகு சீல், காலிப்பர், யூ-ஜாயின்ட், ரப்பர் மவுண்ட் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள்.

புது ரேடியோ மாட்டுனதும் பொகஞ்சுருச்சு. ஏனுங்க?

3.8 கார்களில் பாடிக்குப் போவது பேட்டரியின் பாசிட்டிவ். இன்றைய ரேடியோ, எல்.இ.டி., எலெக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. 4.2 முதல் நெகட்டிவ் எர்த். மாற்றிக்கொள்ள முடியும்: டைனமோவை மறுபடி துருவப்படுத்த வேண்டும், காயில், அம்மீட்டர் ஒயர்களை மாற்ற வேண்டும், கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். வெறுமனே பேட்டரியைத் திருப்பி வைப்பது போதாது.

டிங்கரிங்ல எங்கெங்க ஏமாத்துவாங்க?

சில் எனப்படும் கதவடிச் சட்டம், தளம், பின் மட்கார்டு வளைவு, டிக்கித் தளம். இவற்றில்தான் துரு, இவற்றில்தான் பட்டி. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை. ஆனால் தொழிற்சாலையிலேயே இணைப்புகளை ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். அங்கும் காந்தம் பிடிக்காது. ஆகவே இணைப்பு ஓரங்களில் தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள்.

சில்தான் காரின் முதுகெலும்பு. உள்ளே குறுக்குக் கம்பி வைத்துக் கதவு வாயைக் கட்டாமல் அதை வெட்டினால் பாடி நடுவில் தொய்யும், பிறகு கதவு சாத்தாது. ஒரு பக்கம் வெட்டி, வெல்டு முடித்து, கதவை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். முன் ஃபிரேமின் குழாய்கள் மெல்லியவை, உள்ளிருந்து துருப்பிடிக்கும். விரிசலுக்கு மேல் வெல்டு வைத்து பவுடர் கோட்டிங் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள். போல்ட் போட்டு மாட்டும் பாகம்தானே, புது ஃபிரேம் கிடைக்கிறது. சேஸ் எண் உள்ள சட்டத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஆர்.சி. விசயம் எப்படிங்க? கேரளா வண்டியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவரலாமா?

2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரண்டு, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் வகை. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாவதற்கு மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்ற வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியானால் சுங்கச் சீட்டு தேவை. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினசரி ஓட்டமும் வாடகையும் கூடாது.

முக்கியமான நிபந்தனை ஒன்று: சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மூல எண்களைக் காப்பாற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். சாதாரணப் பதிவில் உள்ள கே.எல்.-09, கே.எல்.-70 வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வேலைக்காகப் பட்டறைக்குக் கொண்டுவருவது என்றால் லாரியில் ஏற்றி வாருங்கள், ஆர்.சி. நகலும் பட்டறைச் சீட்டும் வண்டியோடு இருக்கட்டும்.

எலெக்ட்ரிக்கா மாத்திட்டா இத்தனை தொந்தரவும் இல்லைதானே?

கம்பெனியே 2017இல் ஈ-டைப் ஜீரோ என்று ஒன்றைக் காட்டியது. 2018 மே மாதம் இளவரசர் ஹாரி தன் திருமண நாளில் ஓட்டிப்போனது அதுதான். எஞ்சின் இருந்த இடத்தில் பேட்டரி, கியர்பாக்ஸ் இடத்தில் மோட்டார். கூட்டை வெட்டவில்லை, திரும்பப் பழைய எஞ்சினைப் பூட்டலாம். நம் ஊரில் அனுமதி பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி.யில் எரிபொருள் மாற வேண்டும், மேலே சொன்ன விண்டேஜ் தகுதி கைவிட்டுப் போகும். எஞ்சின் கையில் உள்ள காருக்கு இதை நாங்கள் சொல்லவே மாட்டோம். அந்த ஆறு சிலிண்டர்தான் பாதி கார்.

மழைக்காலத்துல எப்படி வெக்கறது?

தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே வேர்த்துத் தகரம் அரிக்கும். பருத்தித் துணி உறை, காற்றோட்டமான ஷெட், தரையிலிருந்து ஈரம் ஏறாமல் அடியில் தடித்த ஷீட். வயல் ஓர ஷெட்டில் எலிதான் பெரிய எதிரி: சைலன்ஸர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் கம்பி வலையால் அடையுங்கள், எழுதி ஒட்டி வையுங்கள், எடுக்க மறந்துவிடும். பேட்டரியைக் கழற்றி வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பேட் டிஸ்க்கோடு ஒட்டாது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதென்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது கெடுதல். எஞ்சின் சூடாகுமுன் அணைத்தால் ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் சேர்கின்றன, சைலன்ஸர் உள்ளேயே துருப்பிடிக்கிறது. ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது நன்றாகச் சூடேறும் வரை ஓடட்டும்; இல்லையென்றால் மழை ஓயும் வரை சாவியைத் தொட வேண்டாம்.